அண்ணி சொன்னதும் நான் சொன்னதும்

என் அண்ணனின் மகள் ஆரணிக்கு நான்கு வயதாகிறது. அவளுக்கு இருக்கும் நோயின் பெயரை முதன்முறை கேட்பவர்கள் இரண்டாம் முறையும் சொல்லச் சொல்லிக் கேட்பார்கள். ஆகையால் தொடக்கத்திலேயே எழுதிவிடுகிறேன்: ரியூபரஸ் ஸ்கிளிரோசிஸ். உடலின் உயிரணுக்கள் எப்போது வளர வேண்டும், எப்போது வளர்ச்சியை நிறுத்த வேண்டும் என்பதைக் கட்டுப்படுத்தும் மரபணுவில் ஏற்படும் பிழை அது. அந்தப் பிழையால் தோலிலும் மூளையிலும் இதயத்திலும் சிறுநீரகத்திலும் சிறு கட்டிகள் உண்டாகின்றன. அவை பெரும்பாலும் புற்றுநோய்க் கட்டிகளாக இருப்பதில்லை. ஆயினும் மூளையில் இருப்பவை தம்மைச் சூழ்ந்த மின்னோட்டத்தைக் குழப்புகின்றன. அந்தக் குழப்பமே வலிப்பாக வெளிப்படுகிறது. இந்நோய் உள்ள பிள்ளைகள் பலருக்கு ஓட்டிசமும் சேர்ந்து வருகிறது. ஆரணிக்கு இரண்டும் உண்டு.

இதை எழுதுவதற்கு எனக்குள்ள தகுதி ஒன்றுதான். மூன்றரை ஆண்டுகளாக வைத்தியசாலையில் எங்கள் குடும்பத்தின் சார்பில் பேசியவன் நான். அந்தப் பேச்சில் நான் செய்த தவறால் ஆரணி ஒன்பது நாட்கள் வார்டில் கிடந்தாள். கிளினிக் வாசல்களில் காத்திருக்கும் வேறு குடும்பங்களிலும் என்னைப் போன்ற ஒருவன் இருக்கக்கூடும். அவனுக்காகவும், அவனுக்குப் பின்னால் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு மௌனமாக அமர்ந்திருக்கும் தாய்க்காகவும் எழுதுகிறேன்.

நாங்கள் கொட்டாஞ்சேனையில் ஒரு தொடர்மாடியின் மூன்றாம் மாடியில் வசிக்கிறோம்: அப்பா, அம்மா, அண்ணா, அண்ணி, ஆரணி, நான். அண்ணா புறக்கோட்டையில் ஒரு மொத்தத் துணிக்கடையில் வேலை செய்கிறார். காலையில் போனால் திரும்புவது ஆரணி உறங்கிய பிறகுதான். அண்ணி சாவகச்சேரியிலிருந்து திருமணமாகிக் கொழும்புக்கு வந்தவர். மீன் வாங்கவும் பஸ்ஸில் இடம் கேட்கவும் போதுமான சிங்களம் தெரியும். ஆங்கிலம் வாசிப்பார், பேசக் கூசுவார். நானோ பாடசாலை விவாத அணிக்குத் தலைமை தாங்கியவன். தமிழிலும் ஆங்கிலத்திலும் மேடையேறி வென்றிருக்கிறேன். சிங்களத்தைத் தெருவில் கற்றிருந்தாலும் திருத்தமாகவே பேசுவேன். எனவே அண்ணியோடு வைத்தியசாலைக்கு யார் போவது என்ற கேள்வி எங்கள் வீட்டில் ஒருபோதும் எழவில்லை.

ஆரணி ஐந்து மாதக் குழந்தையாக இருந்தபோது இது தொடங்கியது. தூங்கி எழுந்தவுடன் இரு கைகளையும் விரித்துத் தலையை முன்னால் மடக்குவாள். சில விநாடி கழித்து மறுபடியும். இப்படிப் பத்து, பதினைந்து தடவை. "வயித்துக் குத்தாக்கும்," என்று அம்மா ஓமத் தண்ணீர் கொடுத்தார். "பயந்திட்டாள்," என்று மேல்மாடி அன்ரி நூல் கட்டச் சொன்னார். அண்ணி எவரோடும் வாதிடவில்லை. மூன்று நாள் காலையில், குழந்தை எழும் நேரத்தில், போனில் வீடியோ எடுத்தார்.

அந்த வீடியோவை இறுதிவரை பார்த்த வைத்திய நிபுணர், சட்டையைக் கழற்றச் சொன்னார். அறையின் விளக்கை அணைத்துவிட்டு, நீல ஒளி வீசும் ஒரு சிறு விளக்கைக் குழந்தையின் உடல்மீது பிடித்தார். நாங்கள் தேமல் என்று எண்ணியிருந்த வெளிர் திட்டுகள், வேப்பிலை அளவில், ஏழு இடங்களில் பளிச்சென்று தெரிந்தன. அதே விளக்கை அண்ணாமீதும் அண்ணிமீதும் பிடித்துப் பார்த்தார். நகத்தோரத்தில் சிறு கட்டிகள் உண்டா என்று இருவரின் நகங்களையும் ஆராய்ந்தார். இந்நோய் பெற்றோரிடமிருந்து வரலாம். எவரிடமிருந்தும் வராமல் கருவில் புதிதாகவும் தோன்றலாம். இருவரிடமும் எதுவும் காணப்படவில்லை. "இது யாருடைய பிழையும் இல்லை," என்று அவர் சிங்களத்தில் சொன்னதை நான் தமிழில் சொன்னேன். அண்ணி இன்னொரு முறை சொல்லச் சொன்னார். சொன்னேன். வீட்டுக்கு வந்ததும் அம்மாவுக்கு முன்னால் நிறுத்தி மூன்றாம் முறையும் சொல்லச் சொன்னார்.

அடுத்த சில வாரங்கள் பரிசோதனைகளில் கழிந்தன. இதயத்தைப் பார்க்கும் ஸ்கேனில் ஒரு சிறு கட்டி தெரிந்தது. வளர வளர அது தானே சுருங்கும் என்றார்கள், சுருங்கியும் விட்டது. எம்.ஆர்.ஐ. என்பது காந்தத்தைக் கொண்டு மூளையைப் படம்பிடிக்கும் முறை. பிள்ளை அசையக்கூடாது என்பதால் மயக்க மருந்து கொடுத்தார்கள். அவள் கை தளர்ந்து அண்ணியின் விரலை விட்ட அந்தக் கணத்திலிருந்து அண்ணி வாசலைவிட்டு நகர மறுத்தார். படம் எடுத்து முடியும்வரை நின்றே இருந்தார். படத்தில் மூளையின் மடிப்புகளிடையே வெண்ணிறத் தடிப்புகள் இருந்தன. வெட்டிய உருளைக்கிழங்குபோல் இறுகியிருப்பதால் முற்கால வைத்தியர்கள் கிழங்கு என்று பொருள்படும் இலத்தீன் சொல்லை நோய்க்குப் பெயராக வைத்தார்கள் என்று டொக்டர் விளக்கினார். "மூளையிலை கிழங்கோ?" என்று அப்பா கேட்டார். எங்கள் வீட்டில் அடுத்த ஒரு மாதம் எவரும் கிழங்கு சமைக்கவில்லை. யாரும் அதைத் தீர்மானிக்கவில்லை, அப்படியே நடந்தது.

விகாபட்ரின் என்ற மருந்து தொடங்கினார்கள். அரசாங்க வைத்தியசாலையில் எல்லாம் இலவசம். இருந்தும் அந்த மருந்து கையிருப்பில் இல்லாத மாதங்களில் வெளியில் வாங்க வேண்டியிருந்தது. அண்ணாவின் முதலாளி கேட்காமலே முற்பணம் கொடுத்துவிட்டு, திருப்பிக் கேட்காமலே மறந்தும் போனார். பதினோராம் நாள் காலை ஆரணி எழுந்தாள், தலை மடங்கவில்லை. அண்ணி நம்பவில்லை. அடுத்த ஒரு வாரமும் போனைக் கையில் பிடித்தபடி அவள் விழிக்கும்வரை காத்திருந்தார்.

மருந்தோடு ஓர் எச்சரிக்கையும் வந்தது. நீண்டகாலம் எடுத்தால் பார்வையின் ஓரங்கள் மங்கக்கூடும். மணிக்கூட்டைப் பார்த்தால் நடுவில் முள் தெரியும், சுற்றியுள்ள எண்கள் தெரியாமல் போகலாம் என்று விளங்கப்படுத்தினார்கள். பேசாத பிள்ளையிடம் அது நேர்கிறதா என்று கேட்டறியவும் வழியில்லை. எனவே வலிப்பு நின்று போதிய காலம் ஆனதும் அந்த மருந்தைக் குறைப்பது என்பது முதலிலிருந்தே டொக்டரின் திட்டம்.

இரண்டு வயதில் ஆரணி பெயர் சொல்லி அழைத்தால் திரும்பவில்லை. போத்தல் மூடிகளை வரிசையாக அடுக்குவாள். ஒன்றை நாம் நகர்த்தினால் தொண்டை கட்டும்வரை அழுவாள். வெள்ளை நிற உணவு மட்டும் உண்பாள்: இடியப்பம், சோறு, தயிர். எவரும் தொடுவதை விரும்பமாட்டாள். தூக்கினால் உடலை வில்லாக வளைப்பாள். ஓட்டிசம் என்று உறுதிசெய்தார்கள். வாரம் இரு முறை அண்ணி அவளை வெள்ளவத்தையில் ஒரு பயிற்சி நிலையத்துக்கு, புறக்கோட்டையில் பஸ் மாறி, அழைத்துப் போனார். பஸ்ஸில் ஆரணி கத்தும்போது திரும்பிப் பார்க்கும் முகங்களுக்கு அண்ணி பதில் சொல்லமாட்டார். நான் கூடப் போகும் நாட்களில் மட்டும் அந்த முகங்களுக்குப் பதில் கிடைக்கும்.

ஆரணிக்கு மூன்றரை வயதானபோது வீட்டில் ஒரு மாற்றம் தெரிந்தது. விளையாடிக்கொண்டிருக்கும் மூடிகளை அப்படியே விட்டுவிட்டு எழுந்து, அண்ணியிடம் ஓடிப்போய், அவரது சட்டையை இரு கைகளாலும் பற்றி, முகத்தை வயிற்றில் புதைப்பாள். ஒரு நிமிடம் நிற்பாள். பிறகு விலகிப் போய்விடுவாள். அணைப்பையே அறியாத பிள்ளை! அம்மா கோவிலில் தேங்காய் உடைத்தார். வெள்ளவத்தைப் பயிற்சியின் பலன் இது என்று நான் எல்லோருக்கும் எடுத்துரைத்தேன். அண்ணி மட்டும் அந்த மகிழ்ச்சியில் முழுதாகக் கலந்துகொள்ளவில்லை. நான் அதைக் களைப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

ஒவ்வொரு கிளினிக்குக்கும் முன்னால் ஒரு தாள் தட்டச்சு செய்து கொண்டுபோவது என் வழக்கம். டொக்டர் அதைப் பாராட்டியிருக்கிறார். அம்முறை தாளில் "முன்னேற்றங்கள்" என்ற தலைப்பின் கீழ் முதலாவதாக இருந்தது இதுதான்: பிள்ளை தாயின் அணைப்பைத் தானாக நாடத் தொடங்கியிருக்கிறாள்.

எங்களுக்கு எண் நாற்பத்து மூன்று. காலை ஆறரைக்கு எண் எடுத்தோம். பத்தே முக்காலுக்கு அழைத்தார்கள். டொக்டர் என் தாளை வாசித்துவிட்டு, "மல்லி, வலிப்பு ஏதும்?" என்று சிங்களத்தில் கேட்டார். தம்பி என்ற பொருளில் அவர் என்னை எப்போதும் அப்படித்தான் அழைப்பார்.

நான் அண்ணி பக்கம் திரும்பினேன். "அண்ணி, வலிப்பு வந்ததோ எண்டு கேக்கிறா."

"வலிப்பெண்டு இல்லைத் தம்பி. ஆனா அவள் என்னட்டை ஓடி வாறாள் எல்லோ, அதைச் சொல்லும். வரேக்கை முகம் வேற மாதிரி இருக்கு. கண் பெருசாகி, கை குளிர்ந்து போய்... அது பாசமில்லை, பயம் மாதிரிக் கிடக்கு. சில நேரம் வாய் எதையோ சப்பும், ஒண்டும் வாயிலை இராது. முடிய என்னை ஆரெண்டே தெரியாத மாதிரிப் பாப்பாள். ஒரு நாளைக்கு நாலைஞ்சு தரம். சமைக்கேக்கையும் வாறாள், குளிக்கேக்கை கதவைத் தட்டுறாள்..."

நான் டொக்டரிடம் திரும்பினேன். "வலிப்பு இல்லை. பிள்ளை அம்மாவிடம் வரத் தொடங்கியிருக்கிறாள். அம்மாவுக்கு அது பெரிய விஷயம்."

பொய் சொல்லும் எண்ணம் எனக்கு இருக்கவில்லை. விவாதத்தில் எந்த அணி முதலில் வரையறுக்கிறதோ, அந்த அணியின் எல்லைக்குள்தான் மற்ற அணி ஆட வேண்டும் என்று எங்களுக்குப் பயிற்றுவித்திருந்தார்கள். நான் ஏற்கெனவே வரையறுத்துவிட்டேன்: வலிப்பு என்றால் தலை மடங்குவது, மற்றவை ஓட்டிசத்தின் பழக்கங்கள். அந்த வரையறைக்குள் அடங்காத அண்ணியின் சொற்களை, மேடையில் நேரம் போதாதபோது பலவீனமான வாதங்களை விடுவதுபோல, விட்டுவிட்டேன். வாய் சப்புவதும் கை குளிர்வதும் சமையலறையும் குளியலறையும் என் வழக்குக்கு உதவாதவை.

வலிப்பு நின்று மூன்று ஆண்டாகிறது என்பதால் விகாபட்ரினைப் படிப்படியாகக் குறைக்கலாம் என்றார் டொக்டர். எனக்கு அது ஒரு வெற்றியாகவே தோன்றியது.

பஸ்ஸில் அண்ணி கேட்டார். "நான் அவ்வளவு சொன்னன். நீர் சொன்னது ஏன் இவ்வளவு கட்டையா இருந்தது?"

"சிங்களத்திலை சுருக்கமாச் சொல்லலாம் அண்ணி."

"அப்பிடியெண்டா நல்ல பாஷைதான்," என்றார்.

மூன்று வாரம் கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், சமையலறையிலிருந்து அண்ணியின் குரல் வந்தது. "தம்பி, இஞ்சை ஓடி வாரும். இப்ப பாரும் இவளின்ரை முகத்தை."

போனேன். ஆரணி அண்ணியின் சட்டையைப் பற்றியிருந்தாள். "அண்ணி, இது ஓட்டிசத்திலை வழமையா..." என்று தொடங்கினேன். என் வாக்கியம் முடியுமுன் அவளது வலக்கை துடித்தது. பிறகு தோள், பிறகு முகம், பிறகு முழு உடலும். அண்ணா வீட்டில் இருந்தார்; அவளைப் பக்கவாட்டில் கிடத்தினார். நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். ஐந்து நிமிடத்தில் நிற்காத வலிப்பை வீட்டில் வைத்திருக்கக்கூடாது என்பது எங்களுக்குச் சொல்லித்தரப்பட்ட விதி. ஐந்து நிமிடம் கடந்தது. கீழே நின்ற த்ரீவீல்காரர் காலியான தெருவில் ஹோர்ன் அடித்துக்கொண்டே ஓட்டினார். "பயவென்ன எப்பா நோனா, பயவென்ன எப்பா," என்று, பயப்பட வேண்டாம் அம்மா என்று, வழிநெடுகச் சொல்லிக்கொண்டே வந்தார். அவருடைய குரல்தான் நடுங்கியது.

வைத்தியசாலையில் கன்னத்தின் உட்புறம் ஒரு மருந்தையும் இரத்த நாளத்தில் இன்னொன்றையும் செலுத்திய பிறகே துடிப்பு அடங்கியது. மறுநாள்வரை ஆரணியால் வலக்கையைத் தூக்க முடியவில்லை. நீண்ட வலிப்புக்குப் பின் மூளை களைத்துப்போவதால் அப்படி நேரும், மீண்டுவிடும் என்றார்கள். மீண்டது. அந்த ஒரு நாள் அது மீளுமா என்று எங்களுக்குத் தெரியாது.

வார்டில் பிள்ளையோடு தாய் மட்டுமே தங்கலாம். நான் காலையில், டொக்டர்கள் கட்டில் கட்டிலாகப் பார்த்து வரும் ரவுண்ட்ஸ் நேரத்துக்குப் பேச்சாளனாக அனுமதிக்கப்பட்டேன். பக்கத்துக் கட்டிலில் ஒரு வயதுப் பையனோடு பரீனா என்ற தாய் இருந்தார், கொழும்பில் கிராண்ட்பாஸ் பகுதிக்காரர். முதல் நாளே என்னை அளந்துவிட்டார். "தம்பி, நீங்க கதைக்கிறது ரேடியோல நியூஸ் வாசிக்கிற மாதிரி ஈக்கி. நர்ஸ் மிஸ்மார் பயந்து எழும்பி நிக்கிறாங்க."

அண்ணி சிரித்தார். வார்டுக்கு வந்தபின் அவர் சிரித்தது அதுவே முதல்முறை. என்னிடம் மட்டும் அவர் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும். எந்தக் குற்றச்சாட்டுக்கும் மறுமொழி ஆயத்தம் செய்யப் பழகியவன் நான்.

இரண்டாம் நாள் ரவுண்ட்ஸில் டொக்டர் கட்டிலருகே நின்றார். பின்னால் ஆறு மருத்துவ மாணவர்கள். ஆரணியின் மருத்துவப் பதிவுக் கோவையைப் புரட்டினார். "மூன்று வாரத்துக்கு முன்னால் ஒன்றுமே இல்லை என்று எழுதியிருக்கிறேன். இவ்வளவு பெரிய வலிப்பு திடீரென்று வந்ததா? இடையில் எதையும் கவனிக்கவில்லையா?"

அந்தக் கேள்விக்குக் கண்ணியமான விடைகள் பல இருந்தன. மருந்து குறைத்ததால் வந்தது என்று சொல்லியிருக்கலாம். பாதியளவு அது உண்மையும்கூட. மாணவர்களில் ஒருத்தியை எனக்குத் தெரியும். வேறு பாடசாலை அணியில் எனக்கெதிராகப் பேசித் தோற்றவள். அவள் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா கவனித்தார்," என்றேன். "அன்றைக்கே சொன்னார். நான் உங்களுக்குச் சொல்லவில்லை. தேவையில்லை என்று நினைத்தேன்."

டொக்டர் என்னைப் பார்த்தார். கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன், வந்திருந்தால் தாங்கியிருப்பேன். அவர் கோவையை மூடி, நாற்காலியை இழுத்து, அண்ணிக்கு எதிரில் உட்கார்ந்தார். "ஹரி, சரி. இப்போது அம்மா சொல்லட்டும். மல்லி, ஒரு வசனம் அவர் சொன்னதும் ஒரு வசனம் நீ சொல். அவர் 'நான்' என்றால் நீயும் 'நான்' என்று சொல். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். அவருக்குத் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்."

அண்ணிக்கு நான் செய்ததைத் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. அது சிங்களத்தில் சொன்னதைவிடக் கடினம். "அண்டைக்கு நீங்கள் சொன்னதை நான் டொக்டருக்குச் சொல்லேல்லை அண்ணி. பாதியை விட்டிட்டன்."

"தெரியும்," என்றார் அண்ணி. "எனக்குச் சிங்களம் பேச வராது. நீர் எத்தினை வசனம் சொன்னீர் எண்டு எண்ணத் தெரியும். இப்ப சொல்லும்."

அவர் சொன்னார். நான் சொன்னேன். "அவள் வரும்போது நான் அடுப்பை நிறுத்திவிட்டு அவள் முகத்தைப் பார்க்கிறேன்." "அவளது விரல்கள் ஐஸ்போல இருக்கின்றன." "நான் அதைச் சந்தோஷம் என்று நினைக்கப் பார்த்தேன், முடியவில்லை." ஆறு மாணவர்களின் முன்னால், இருபத்தொரு வயது ஆண் குரலில், ஒரு தாயின் "நான்" வெளிவந்துகொண்டிருந்தது. எவரும் சிரிக்கவில்லை. டொக்டர் சமையலறையைப் பற்றியும் கேட்டார். குளியலறைக் கதவைப் பற்றியும் கேட்டார்.

ஆனால் தாயின் சொல் மட்டும் மருந்தைத் தீர்மானிக்கப் போதாது. ஓட்டிசமுள்ள பிள்ளைகளிடம் பழக்கத்தையும் வலிப்பையும் கண்ணால் பிரிப்பது அனுபவமுள்ள வைத்தியருக்கும் கடினம் என்றார். நீண்ட நேர வீடியோ ஈ.ஈ.ஜி. எடுக்க முடிவாயிற்று. தலையில் ஒட்டும் கம்பிகள் மூளையின் மின்னோட்டத்தைக் கோடுகளாக வரையும். கமரா பிள்ளையைப் படம்பிடிக்கும். சந்தேகமான கணத்தில் பக்கத்தில் இருப்பவர் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும்.

பிரச்சினை, ஆரணி தலையில் எதையும் வைக்கவிடமாட்டாள் என்பது. ஆறாம் நாளுக்கு நேரம் கொடுத்திருந்தார்கள். கையில் மூன்று நாள். பார்வையாளர் நேரத்தில் அப்பா தலையில் வெள்ளைத் துணிக்கட்டோடு வந்தார். அம்மாவும் கட்டியிருந்தார். கடையிலிருந்து நேரே வந்த அண்ணா மஸ்லின் துண்டொன்றைக் கட்டியிருந்தார். நானும் கட்டிக்கொண்டேன்.

"அல்லாஹ்வே," என்றார் பரீனா. "குடும்பத்தோடயே அக்ஸிடன்டா?"

"எங்கடை பிள்ளை பழகிறதுக்கு," என்று அப்பா தலையைத் தொட்டுக் காட்டினார்.

பரீனா சற்று யோசித்துவிட்டுத் தன் முக்காட்டுக்கு மேலேயே ஒரு துவாயைச் சுற்றிக்கொண்டார். மறுநாள் ஆரணி அப்பாவின் கட்டை அவிழ்த்துப் பார்த்துத் திரும்ப வைத்தாள். அதற்கடுத்த நாள் தன் தலையில் ஐந்து நிமிடம் விட்டுவைத்தாள்.

ஆறாம் நாள் காலை ஒன்பது மணிக்குக் கம்பிகளை ஒட்டினார்கள். அழுதாள், ஆனால் பிய்க்கவில்லை. மாலை நான்குவரை பதிவு. அண்ணியிடம் ஒரு பொத்தானும் ஒரு குறிப்புத் தாளும் தந்தார்கள். அண்ணி சாப்பிடப் போகும் நேரத்திலும் ஓய்வெடுக்கும் நேரத்திலும் நான் அழுத்துவதாக ஏற்பாடு; அன்று மட்டும் முழுநாளும் இருக்க என்னை அனுமதித்தார்கள். அழுத்தும் ஒவ்வொரு தடவையும் யார் அழுத்தியது, எத்தனை மணிக்கு என்று எழுத வேண்டும்.

நான் ஐந்து தடவை அழுத்தினேன். ஆரணி கைகளைப் பறவைபோல் அடித்தபோது, மூடியைக் கண்ணருகே சுழற்றியபோது, சுவரைப் பார்த்து நின்றபோது. என் கண்ணுக்கு அவையெல்லாம் வலிப்பாகவே தெரிந்தன. பயந்தவனுக்கு எல்லாமே அறிகுறி. அண்ணி மூன்று தடவை மட்டுமே அழுத்தினார். அவர் இரண்டாம் தடவை அழுத்தியபோது நானும் அருகில்தான் இருந்தேன். ஆரணி மூடிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். எனக்கு எதுவும் தெரியவில்லை. பொத்தான் அழுத்தும் ஒலி கேட்டது. அதற்குப் பிறகுதான் ஆரணி தலையை நிமிர்த்தி, எழுந்து, கம்பிகளை இழுத்துக்கொண்டு அண்ணியிடம் போனாள்.

"என்னத்தைப் பாத்து அழுத்தினீங்கள் அண்ணி?"

"அடுக்கிற கை நிண்டது," என்றார்.

மறுநாள் டொக்டர் எங்கள் இருவரையும் அறைக்கு அழைத்துத் திரையைக் காட்டினார். என் ஐந்து இடங்களிலும் கோடுகள் அமைதியாக ஓடின. கை அடிப்பது அவளது வழக்கம்; அதை நிறுத்தச் சொல்லவும் வேண்டாம் என்றார். அண்ணியின் மூன்று இடங்களிலும் இடப்புறக் கோடுகள் கூர்மையாகி, நெருங்கி, உயர்ந்து கிடந்தன. பேனாவின் நுனியால் ஓரிடத்தைத் தொட்டார். "வலிப்பு இங்கே தொடங்குகிறது. அம்மா இங்கே அழுத்தியிருக்கிறார். இடையில் இரண்டு விநாடி."

பிறகு அவர் விளக்கியதை நான் வசனம் வசனமாகச் சொன்னேன். மூளையில் பயம் பிறக்கும் பகுதிக்கு அருகில் ஒரு கிழங்கு இருக்கிறது. அங்கே மின்னோட்டம் குழம்பும்போது, எந்தக் காரணமும் இல்லாமல் பெரும் பயம் எழுகிறது. அந்தப் பயத்தோடுதான் பிள்ளை தாயிடம் ஓடுகிறாள். அந்த அணைப்பே வலிப்பின் முதல் பகுதி.

நான் முன்னேற்றம் என்று தட்டச்சு செய்தது அதைத்தான்.

வார்டுக்குத் திரும்பியதும் அண்ணி பரீனாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். ஒரு தடவைகூட என்னைப் பாராமல், என் பெயரைச் சொல்லாமல், நடந்தது நடந்தபடி. கடைசியில் இதையும் சொன்னார்: "நாலு மாசமா எனக்குப் பிள்ளை கிடைச்சிட்டாள் எண்டு ஊரெல்லாம் சொல்லிச்சினம் அக்கா."

பரீனா தன் பையனின் முதுகைத் தட்டிக்கொண்டே சொன்னார்: "பயம் வந்தாலும் ஒங்கட்டத்தானே ஓடி வாறா. பக்கத்துல இந்த நியூஸ் வாசிக்கிறவர் ஈந்தாரு. அவருட்டப் போவல்லயே."

விகாபட்ரினைப் பழைய அளவுக்கு ஏற்றி, இன்னொரு மருந்தும் சேர்த்தார்கள். கண் பரிசோதனை ஒழுங்காகச் செய்ய வேண்டும். மருந்துகளுக்குக் கட்டுப்படாவிட்டால் அந்த ஒரு கிழங்கை அறுவைச் சிகிச்சையால் அகற்ற முடியுமா என்று பின்னர் ஆராய்வார்கள். எதற்கும் உறுதிமொழி தரவில்லை. ஒன்பதாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அதன்பின் நான் தாள் தட்டச்சு செய்வதில்லை. அண்ணி நாட்காட்டியின் பின்பக்கத்தில் தன் கையெழுத்தில் குறித்துக்கொள்கிறார். நான் அதைத் திருத்துவதில்லை. கிளினிக்கில் என் நாற்காலி அண்ணியின் நாற்காலிக்குச் சற்றுப் பின்னால் இருக்கிறது. என் நண்பர்கள் சிலர் இதை ஒரு தோல்வியைப்போலக் கேட்டு அனுதாபப்படுகிறார்கள். அவர்களுக்கு என் பதில் ஒன்றே: மேடையில் என் சொல்லுக்கு நான் பொறுப்பு; அந்த அறையில் இன்னொருவரின் சொல்லுக்கு நான் பொறுப்பு. இரண்டாவதற்கே அதிக பயிற்சி தேவைப்படுகிறது.

சென்ற மாதம் போனோம். டொக்டர் நேரே அண்ணியைப் பார்த்து, "எப்படி இருக்கிறாள்?" என்று கேட்டார். அண்ணி நாட்காட்டித் தாளை மேசையில் வைத்தார்.

"முந்தி நாளுக்கு நாலைஞ்சு. இப்ப கிழமைக்கு ஒண்டு. போன கிழமை ஒண்டுமில்லை." சொன்னேன். ஆரணி தரையில் அமர்ந்து மூடிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். எங்கள் எவரையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. அண்ணி அவளைப் பார்த்தபடி சொன்னார்.

"அவள் என்னட்டை வாறேல்லை இப்ப. எனக்குக் கவலையாத்தான் கிடக்கு. ஆனா வராட்டிப் பரவாயில்லை, அப்பிடியே இருக்கட்டும் எண்டு எழுதச் சொல்லும்."

நான் டொக்டரிடம் திரும்பினேன். "அவள் இப்போது என்னிடம் வருவதில்லை," என்றேன். "எனக்குக் கவலையாக இருக்கிறது. ஆனால் வராவிட்டால் பரவாயில்லை, அப்படியே இருக்கட்டும் என்று எழுதுங்கள்."

டொக்டர் மூன்று வசனங்களையும் எழுதினார்.